ஆர்லீனுக்கு ஒரு மேசை

அந்தச் சத்தம் முதலில் பாலில்தான் வந்தது. டெல்பர்ட் நோவிட்ஸ்கிக்கு அப்போது ஒன்பது வயது. சமையலறை மேசைமேல் இருந்த பால் தம்ளரில் சின்னச் சின்ன வட்டங்கள் எழுந்தன. பிறகு ஜன்னல் கண்ணாடி முணுமுணுத்தது. அதற்குப் பிறகுதான் தெருவில் கார் வந்தது. கறுப்புக் கார். சர்க்கரை ஆலை ஃபோர்மனின் மகன் அப்போதுதான் வாங்கியிருந்த 1963 மாடல் போன்டியாக். தெருமுனையில் அவன் ஆக்சிலேட்டரை மிதித்ததும் மூன்று கார்புரேட்டர்களும் ஒன்றாக வாய் திறந்தன. வானத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை யாரோ ஒரே இழுப்பில் கிழித்ததுபோல் இருந்தது. அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். டெல்பர்ட் அன்று பாலைக் குடிக்கவில்லை. அந்தத் தாகம் அறுபது வருடம் இருந்தது.

அவர் வீட்டு ஷெட்டிலும் ஒரு போன்டியாக் நின்றது. 1972 மாடல் ஜி.டி.ஓ. ஏரித் தண்ணீர் சாயங்காலத்தில் இருக்குமே, அந்தப் பச்சை. வாங்கியவள் ஆர்லீன். கல்யாணத்துக்கு முன்னால் பே சிட்டி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தபோது, தன் சம்பளத்தில் வாங்கினாள். இரவு ஷிஃப்ட் முடிந்து, ஊரே கண் விழிக்காத நேரத்தில், கண்ணாடிகளை இறக்கிவிட்டு வளைகுடாக் கரையோரம் தனியாக ஓட்டிக்கொண்டு போவாள். போகும்போது பாடுவாள். ராத்திரி முழுக்க அடுத்தவர்கள் பேச்சை இணைத்துக் கொடுத்துவிட்டு வருகிறவளுக்குத் தன் குரலைக் கேட்க அது ஒன்றுதான் இடம்.

கல்யாணமான புதிதில் டெல்பர்ட் அதை 'உன் கார்' என்றார். பிறகு 'நம்ம கார்' என்றார். ஒருநாள் 'என் கார்' என்றார். சண்டை எதுவும் நடக்கவில்லை. கரை மண் ஆற்றுக்குள் போவதுபோல் போனது.

செவ்வாய்க்கிழமை மாலைகளில் ஆற்றங்கரையில் ரூட் பியர் என்ற குளிர்பானம் விற்கும் கடை வாசலில் ஊர் ஆண்கள் தங்கள் பழைய கார்களை வரிசையாக நிறுத்துவார்கள். பானட்டைத் திறந்து வைப்பார்கள். பின்னால் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒருவர் எஞ்சினை ஒருவர் எட்டிப் பார்த்து 'ம்' என்பார்கள். அந்த 'ம்'முக்காகத்தான் வருடம் முழுக்க உழைப்பு. டெல்பர்ட்டின் எஞ்சினை எட்டிப் பார்த்தவர்கள் 'ஓ' என்றார்கள். புகைக்கும் வேகத்துக்கும் கட்டுப்பாடு வந்த காலத்து எஞ்சின் அது. பார்க்கச் சிங்கம், பல்லைப் பிடுங்கிய சிங்கம்.

"டெல், உன் வண்டி ஓடிட்டிருக்கா, தூங்குதா?" பக்கத்து வீட்டு கஸ் ஹேவர்காம்ப், பானட்டுக்குள் காதை வைத்துக்கொண்டு கேட்பான்.

"ஓடிட்டிருக்குடா."

"நல்லாப் பார்த்துச் சொல்லு. மூச்சே காணோம். டாக்டரைக் கூப்பிடணுமா?"

இப்படி எத்தனை செவ்வாய்! கடைசியில் ஒரு அக்டோபர் மாதத்தில், ஒரு பீன்ஸ் பண்ணையில், கோழிக்கூட்டுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு கிடந்த எஞ்சின் ஒன்றை டெல்பர்ட் கண்டார். கோழி எச்சத்தைச் சுரண்டிப் பார்த்தால் 1963. அதே எஞ்சின். மூன்று கார்புரேட்டர்களும் ஒரு சாக்கில் இருந்தன. அன்று இரவுச் சாப்பாட்டில் மெதுவாக ஆரம்பித்தார்.

"ஆர்லீன், நம்ம வண்டிக்குக் கொஞ்சம் பழைய எஞ்சினா ஒண்ணு போடலாம்னு…"

"எந்த வண்டிக்கு?"

"நம்ம பச்சை வண்டிக்கு."

"நம்ம வண்டியா? எனக்குத் தெரிஞ்சு என் வண்டி ஒண்ணு ஷெட்டுல நிக்குது."

"அதுக்குத்தான்."

"இருக்கற எஞ்சினைத் தூக்கிட்டு அதைவிடப் பழசைப் போடுவாங்களா யாராவது? உங்களுக்கு இடுப்பு மாத்தினாங்களே, டாக்டர் உங்க அப்பாவோடதைத் தோண்டி எடுத்தா வெச்சாரு?"

"அது வேற. இதோட சத்தம் இருக்கே…"

"சத்தம்தான் வேணும்னா உங்க அக்காவைக் கூப்பிடுங்க. ஒரு மாசம் இருந்துட்டுப் போகட்டும்."

டெல்பர்ட் உருளைக்கிழங்கைப் பார்த்தார். ஆர்லீன் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இதைக் கேட்டுக்கங்க. அந்த வண்டியில போனா நான் பாடறது எனக்குக் கேக்கும். எனக்குன்னு அதுல மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான்."

"நீ அதை ஓட்டியே வருஷமாச்சே."

"நீங்க சாவி குடுத்தப்ப ஓட்டினேன்."

"எப்பக் குடுத்தேன்?"

"அதைத்தான் நானும் யோசிச்சுட்டிருக்கேன்," என்றாள் ஆர்லீன். "வர்ற ஈஸ்டருக்கு நான்தான் ஓட்டப்போறேன். முந்தின நாள் பெரிய சனிக்கிழமை, சாப்பாட்டுக் கூடையை மந்திரிக்க அந்த வண்டியிலதான் கோயிலுக்குப் போகப்போறேன். அது வரைக்கும் அந்த எஞ்சின்ல கை வெச்சீங்கன்னா பாருங்க."

"பாருங்கன்னா?"

"பாருங்கன்னா பாருங்க."

டெல்பர்ட் பார்த்தார். ஜனவரி மாதம் வருகிறது என்பதைப் பார்த்தார். ஒவ்வொரு ஜனவரியிலும் ஆர்லீன் ஃபுளோரிடாவில் இருக்கும் தங்கை பெர்னடெட் வீட்டுக்குப் போய்விடுவாள். ஈஸ்டருக்கு முந்திய குருத்தோலை ஞாயிற்றுக்குத்தான் திரும்புவாள். அதற்குள் பழைய எஞ்சின் உள்ளே உட்கார்ந்துவிடும். பெரிய சனிக்கிழமையன்று அவளே சாவியைத் திருப்புவாள். அந்தச் சத்தத்தைக் கேட்பாள். கேட்டால் மனம் மாறாத பிறவி உலகத்தில் உண்டா? இதுதான் திட்டம். நோவிட்ஸ்கி வம்சத்தில் இவ்வளவு பெரிய திட்டம் போட்டவர்கள், போலந்திலிருந்து கப்பல் ஏறியவர்களுக்குப் பிறகு யாரும் இல்லை.

ஆர்லீனை விமானம் ஏற்றிவிட்டு வீடு திரும்பியபோது கஸ் செயின் பிளாக்கோடு ஷெட் வாசலில் நின்றான்.

பழைய எஞ்சினைப் புதிய காரில் வைப்பது, பழைய மாப்பிள்ளையைப் புதிய வீட்டில் குடிவைப்பது மாதிரி. ஆள் ஒன்றுதான், பழக்கம் எல்லாம் வேறு. காரில் எஞ்சின் மவுண்டிங் ஓரிடத்தில் இருந்தது, எஞ்சினில் அதற்கான துளைகள் வேறிடத்தில் இருந்தன. இரண்டுக்கும் சமரசம் பேச இருவரும் தடித்த இரும்புத் தகட்டை அறுத்துத் துளைபோட்டு இடையில் வைத்தார்கள். புதிய எஞ்சினில் செல்ஃப் மோட்டார் எஞ்சின் பக்கவாட்டிலேயே உட்காரும். இதில் அதற்கு இடமே இல்லை. அந்தக் காலத்தில் அது கியர்பாக்ஸ் கூட்டில் குடியிருந்ததாம். அந்தக் கூட்டைத் தேடி மூன்று மாவட்டம் அலைந்து பிடித்தார்கள். எஞ்சினின் வெற்று உடலை, பிளாக்கை மட்டும் தொங்கவிட்டு இறக்கிப் பார்த்தபோது அது அளவு பார்த்துத் தைத்த சட்டைபோல் போய் உட்கார்ந்தது. இரண்டு கிழவர்களும் ஷெட்டுக்குள் கைகோத்து ஒரு சுற்று ஆடினார்கள். பிடுங்கிய எஞ்சின் கஸ் வீட்டுக் கொட்டகைக்குப் போயிற்று.

இனி உள்ளுறுப்புகளைப் பூட்ட வேண்டும். ஆனால் மிச்சிகன் ஜனவரி. ஷெட்டில் ஸ்பேனரைத் தொட்டால் விரல் அதிலேயே தங்கிவிட்டது. எண்ணெய் தேனாகிவிட்டது.

"கீழே கொண்டுபோயிடலாம்டா," என்றார் டெல்பர்ட். "நிலவறை கதகதன்னு இருக்கு. ஆர்லீன் தையல் விளக்கும் இருக்கு."

பிளாக்கைக் காரிலிருந்து திரும்பத் தூக்கி, பலகையில் வைத்துக் கயிறு கட்டிப் படிவழியாக இறக்கினார்கள். இறங்குவதில் ஒரு சிரமமும் இல்லை. பூமியே உதவி செய்தது. பிறகு கிராங்க் தண்டு இறங்கியது. பிஸ்டன்கள் ஒரு பழக்கூடையில் இறங்கின. ஒவ்வொன்றாகக் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவி, பிஞ்சுக் குழந்தைக்குச் சட்டை மாட்டுகிற பொறுமையோடு மாட்டினார் டெல்பர்ட். கடைசியாக மூன்று கார்புரேட்டர்களும் மேலே ஏறி உட்கார்ந்தன. வெளிர்நீலப் பெயின்ட் அடித்தார்கள். தையல் விளக்கின் அடியில் அது, கோயில் பீடம்போல், ஒன்றும் பேசாமல் மின்னியது. டெல்பர்ட்டுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆளுக்கொரு பீர் திறந்தார்கள்.

கஸ் பாதி குடித்துவிட்டு எஞ்சினைப் பார்த்தான். பிறகு படியைப் பார்த்தான். குறுகல் படி. நடுவில் ஒரு திருப்பம்.

"டெல்."

"ம்."

"இதை எப்படி மேலே கொண்டுபோறது?"

டெல்பர்ட் படியைப் பார்த்தார். பிறகு எஞ்சினைப் பார்த்தார். துண்டு துண்டாக இறங்கியது முழுசாக நின்றது. நாலு ஆள் எடை. வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் மட்டும் மூலையில் மெல்லச் சிரித்துக்கொண்டிருந்தது.

"கழட்டணும்," என்றார்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"மறுபடி ஷெட்டுல மாட்டணும்."

"மாட்டணும்."

"விரல் ஒட்டிக்குமே."

"ஒட்டட்டும். இன்னும் நாள் இருக்கு. அவ வர்றதுக்குள்ள…"

டெலிபோன் அடித்தது.

"என்னங்க, நான் நாளைக்கு வரேன்."

"நாளைக்கா? இங்கே குளிரே போகலியே ஆர்லீன்! பெர்னடெட் வருத்தப்பட மாட்டாளா?"

"பங்குக் கோயில் கூடத்துல பாய்லர் போயிடுச்சாம். வாண்டா அக்கா கூப்பிட்டாங்க. தவக்காலம் பொறக்கப்போகுது, பியெரோகி எங்கே பண்றதுன்னு தவிக்கிறாங்க. நம்ம வீட்டுல கீழே பண்ணிக்கலாம்னு சொல்லிட்டேன்."

"கீழேயா?"

"மேலே இடம் ஏது? கீழேதான். ஏன், கீழே என்ன?"

"ஒண்ணும் இல்ல," என்றார் டெல்பர்ட். "கீழே ஒண்ணுமே இல்ல."

கஸ் தன் கொட்டகையின் பழைய கதவு ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்தான். எஞ்சினைச் சுற்றி நாலு கட்டையை நிறுத்தி, கதவை மேலே கிடத்தி, தரைவரை படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டார்கள். தள்ளி நின்று பார்த்தார்கள்.

"மேசை மாதிரியே இருக்கு," என்றான் கஸ்.

"மேசைதான்டா. இனிமே அப்படித்தான் நினைக்கணும்."

மறுநாள் ஆர்லீன் கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே கீழே இறங்கினாள். வெயிலில் கறுத்திருந்தாள். அந்த நிறம் அவளுக்கு ஒரு தைரியத்தைக் கொடுத்திருந்தது.

"இது என்ன?"

"மேசை. உனக்காகச் செஞ்சேன்."

"எனக்காகவா?"

"உனக்காகத்தான். பியெரோகிக்கு."

"பியெரோகி இங்கேதான்னு நேத்துத்தானே சொன்னேன்?"

"மனசுல தோணிச்சு."

ஆர்லீன் மேசையைச் சுற்றி வந்தாள். ஒரு தட்டு தட்டினாள். அது அசையவில்லை.

"சமையலறை அலமாரிக் கதவு தொங்குதுன்னு கல்யாணமான வருஷத்துலேர்ந்து சொல்றேன். அதுக்கு ஒரு ஆணி அடிக்கலை. திடீர்னு மேசையா?"

"அன்பு வந்திருச்சு ஆர்லீன்."

"அன்புக்குப் பெட்ரோல் வாசனை வருமா?"

"பாலிஷ்."

"துணி ஏன் தரை வரைக்கும்?"

"அழகு."

"ம்," என்றாள் ஆர்லீன். ரூட் பியர் கடை வாசலில் டெல்பர்ட் இத்தனை வருடம் காத்திருந்த அதே 'ம்'. "என் வண்டி எப்படி இருக்கு?"

"போர்வை போத்தித் தூங்குது," என்றார். அதில் பொய் இல்லை. போர்வையும் இருந்தது. சத்தமும் இல்லை.

தவக்காலத்தின் முதல் நாளான சாம்பல் புதனன்று பெண்கள் வந்து இறங்கினார்கள். பியெரோகி என்பது சோமாசியைப்போல ஓரம் மடித்து, கொழுக்கட்டையைப்போல வேகவைப்பது. உள்ளே உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் இருக்கும். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி சாப்பிடாத ஊர் முழுதும் அதைத்தான் சாப்பிடும். அணிக்குத் தலைமை எண்பது வயது வாண்டா. உருளைக்கிழங்கு உரிக்க கஸ்ஸின் மனைவி மார்லிஸ். அவள் போலந்துக்காரி இல்லை, அவள் கத்தி போலந்துக் கத்தி. ஆர்லீன் புது மேசையில் மாவைப் பரப்பினாள். உருட்டுக்கட்டை ஓட ஆரம்பித்தது. ஒவ்வொரு உருட்டுக்கும் டெல்பர்ட் விரிப்பின் ஓரத்தைக் கீழே இழுத்துவிட்டார்.

"தம்பி," என்றாள் வாண்டா, "இந்த மேசைக்கு வயிறு இருக்கு. என் முட்டி இடிக்குது."

"அது அடிப்பலம் அக்கா. ஆடக் கூடாதுன்னு."

"ஆடலை, ஒத்துக்கறேன். ஆனா முனகுது."

கதவுப் பலகையில் இடுக்குகள் இருந்தன. மாவு அதன் வழியே பனிபோல் இறங்குவதை டெல்பர்ட் பார்த்தார். நேரே கார்புரேட்டர் வாய்க்குள்! பெண்கள் காபி குடிக்க மேலே போன நேரத்தில் ஆர்லீனின் குளியல் தொப்பிகள் மூன்றை எடுத்துக்கொண்டு விரிப்புக்குள் நுழைந்தார். இரண்டை மாட்டிவிட்டார். மூன்றாவதைத் தேடிக்கொண்டிருக்கும்போது விரிப்புக்கு வெளியே மூன்று ஜோடி செருப்புகள் வந்து நின்றன.

"கீழே என்னங்க பண்றீங்க?" இது ஆர்லீன்.

"எலி இருக்கான்னு பார்த்தேன்."

"இருக்கா?"

"இல்ல."

"எலிக்குக் குளியல் தொப்பி எதுக்கு தம்பி?" என்றாள் வாண்டா. ஒரு தொப்பி அவர் தலையிலேயே இருந்ததை டெல்பர்ட் அப்போதுதான் உணர்ந்தார்.

அன்றே முடிவு செய்தார். இனி இந்த அறையை விட்டு நகரக் கூடாது. ஒரு கை விரிப்பைத் தூக்கினால் போதும், எல்லாம் போய்விடும். ஷெட் பக்கமும் போகக் கூடாது. போனால் ஆர்லீனும் கூடவே வருவாள், போர்வையை எடுங்கள் என்பாள். ஆகவே காலையில் கீழே இறங்கினால் மாலைவரை மேசையருகில் காவல்.

"சும்மா நிக்கறவங்களுக்கு இங்கே இடமில்ல," என்றாள் ஆர்லீன். "உக்காருங்க. ஓரம் மடிங்க."

உட்கார்ந்தார். மடித்தார். வாழ்நாள் முழுக்க எண்ணெய்க் கசிவோடு மல்லுக்கட்டிய விரல்கள் அவருடையவை. எவ்வளவு அழுத்தினால் மூடும், எவ்வளவு அழுத்தினால் கிழியும் என்று அவற்றுக்குத் தெரியும். கொதிக்கிற தண்ணீரில் மற்றவர்கள் மடித்தவை பத்துக்கு ஒன்று வெடித்தன. டெல்பர்ட் மடித்தவை முழுசாக மிதந்து வந்தன.

"அம்மாடி!" என்றாள் வாண்டா. "இவரோடது ஒண்ணுகூட வாயைத் திறக்கலையே!"

"வீட்டுலயும் அப்படித்தான் அக்கா," என்றாள் ஆர்லீன். "முக்கியமானது உள்ளே இருந்தா வாயே திறக்க மாட்டாரு."

தவக்காலம் நகர்ந்தது. எஞ்சினைக் கழற்ற நேரமே கிடைக்கவில்லை. பகலெல்லாம் மேசைமேல் மாவு, இரவெல்லாம் தட்டுத் தட்டாகக் காயும் பியெரோகி. கஸ்ஸும் கைவிட்டுவிட்டான். முதுகு பிடித்துக்கொண்டதாம். சாயங்காலங்களில் மட்டும் வருவான். ஒரு தட்டு நிறைய வாங்கிச் சாப்பிடுவான்.

"முதுகு வலிக்கறவன் கையில கிரீஸ் எப்படிடா வந்தது?"

"தைலம்," என்றான் கஸ், வாய் நிறைய.

"கறுப்பா இருக்கே?"

"பழைய தைலம்."

ஒரு புதன்கிழமை மத்தியானம் ஷெட் பக்கமிருந்து சங்கிலி உரசுகிற சத்தம் கேட்டது. டெல்பர்ட்டின் விரல்கள் நின்றன. செயின் பிளாக்கின் சத்தத்தை அவருக்குத் தெரியாதா? நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"கூரையிலேர்ந்து ஐஸ் உருகி விழுது," என்றாள் ஆர்லீன், மாவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஐஸ் அப்படியா விழும்? ஒரு நிமிஷம் போய்ப் பார்த்துட்டு…"

"தம்பி, எழுந்ததுதான் எழுந்தீங்க," என்றாள் வாண்டா, குனிந்து விரிப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே. "இந்தத் துணி ஒரே அழுக்கு. உருவிக் குடுத்துடுங்க, துவைச்சுப் போட்டுடலாம்."

டெல்பர்ட் உட்கார்ந்துவிட்டார். "அடுத்த வாரம் அக்கா," என்றார். ஐஸ் விழுந்துகொண்டே இருந்தது.

பெரிய சனிக்கிழமை வந்தது. பனி கரைந்து புல்வெளியில் பழுப்புத் திட்டுகள் தெரிந்தன. ஆர்லீன் நீலக் கோட்டு போட்டு, கூடையோடு சமையலறைக்கு வந்தாள். கூடையில் சாயமிட்ட முட்டைகள், சாஸேஜ், உப்பு, ரொட்டி, வெண்ணெயில் செய்த சின்ன ஆட்டுக்குட்டி. ஆட்டுக்குட்டிக்கு மிளகில் கண்.

"சாவி," என்று கையை நீட்டினாள்.

டெல்பர்ட் மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டார். திட்டம் போட்ட மனிதர் எங்கோ போய்விட்டார். பால் தம்ளருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன் மட்டும் மிச்சம்.

"ஆர்லீன், வண்டி ஓடாது."

"ஏன்?"

"உள்ளே ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லன்னா?"

"எஞ்சின் இல்ல. நீ ஊருக்குப் போனதும் எடுத்துட்டேன். கீழே இருக்கற மேசை… அது மேசை இல்ல."

"பின்னே?"

"எஞ்சின். பழசு. மூணு கார்புரேட்டர்." தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கு ஒன்பது வயசு. அந்தக் கார் எங்க தெருவுல போச்சு. பால் தம்ளர்ல வட்டம் வந்தது. எங்கம்மா சிலுவை போட்டுக்கிட்டா. அதை இன்னொரு தடவை கேட்கணும்னு… அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல. உன் வண்டியைக் கெடுக்கணும்னு இல்ல."

ஆர்லீன் நீட்டிய கையை எடுக்கவில்லை. ஆனால் முகம் கொஞ்சம் மாறிற்று.

"இதை ஏன் இத்தனை வருஷமா சொல்லலை?"

"சொன்னா சிரிப்பே."

"சிரிச்சிருப்பேன்," என்றாள். "சிரிச்சு முடிச்சிட்டு, எப்படி இருந்ததுன்னு கேட்டிருப்பேன்."

வெளியே கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. இது நிஜமாகவே ஐஸ். டெல்பர்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சாவி," என்றாள் ஆர்லீன்.

"ஆர்லீன், இப்பத்தானே சொன்னேன்…"

"கேட்டுச்சு. குடுங்க."

கொடுத்தார். அவள் ஷெட்டுக்குப் போய்க் கதவைத் தூக்கினாள். போர்வையை உருவினாள். உள்ளே உட்கார்ந்து, இருக்கையை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். சாவியைத் திருகினாள்.

கார் உயிர்த்தது. தூங்குகிற குழந்தை புரண்டு படுத்ததுபோல ஒரு மெல்லிய சத்தம். அவ்வளவுதான். புகைக்குழாய் வாயில் வெள்ளை மூச்சு தெரிந்தது.

பின்னாலேயே வந்த டெல்பர்ட் திரும்பிப் பார்த்தார். வேலிக்கு அந்தப் பக்கம் கஸ் நின்றான். கையில் தட்டு. தட்டில் பியெரோகி.

"டேய்!"

"கோவிச்சுக்காதடா டெல்," என்றான் கஸ். "என்னால முடியலை. பிடுங்கின எஞ்சினைக் கொட்டகையில பார்த்துட்டு மார்லிஸ் ஃபுளோரிடாவுக்குப் போன் பண்ணிட்டா. அதைத் திருப்பி மாட்டலைன்னா தவக்காலம் முடியற வரைக்கும் எனக்கு ஒரு பியெரோகி கிடையாதுன்னுட்டாங்க. முட்டைக்கோஸ் வெச்சது உள்பட!"

"நம்ம இரும்புத் தகடு?"

"கழட்டிப் பத்திரமா வெச்சிருக்கேன்."

"எப்படா மாட்டினே? வீட்டுலயேதானே இருந்தேன் நான்!"

"வீட்டுல எங்கே இருந்தே? கீழே இருந்தே. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும், அசையாம. ஷெட்டுல ஒரு யானையை மாட்டியிருந்தாலும் உனக்குத் தெரிஞ்சிருக்காது."

"ஸ்டார்ட் பண்ணிப் பார்த்திருப்பியே? அது கூடவா எனக்குக் கேக்கலை?"

"நாலு தடவை பண்ணினேன்," என்றான் கஸ். "அந்த எஞ்சின்ல சத்தமே இல்லன்னு நீதானேடா அழுதே?"

வாண்டா கையில் தன் கூடையோடு தெருவிலிருந்து வந்து முன் இருக்கையில் ஏறினாள். டெல்பர்ட் கார் ஜன்னலருகில் குனிந்தார்.

"அக்கா, பங்குக் கூடத்துல பாய்லர்…?"

"அதுக்கென்ன தம்பி, கல்லு மாதிரி இருக்கு. ஒருநாள்கூட நிக்கலை."

"தவக்காலத்துல பொய் சொன்னீங்களா? எல்லாருமா?"

"சொன்னோம். பாவசங்கீர்த்தனமும் பண்ணிட்டோம், எல்லாருமா. சாமியார் விழுந்து விழுந்து சிரிச்சாரு." வாண்டா கூடையை மடியில் சரிசெய்துகொண்டாள். "நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

ஆர்லீன் கதவைத் திறந்து தன் இருக்கையை முன்னால் சாய்த்தாள்.

"ஏறுங்க. பின்னால உக்காருங்க. ரெண்டு கூடையையும் பிடிச்சுக்கங்க. ஆட்டுக்குட்டி சாயாமப் பார்த்துக்கங்க."

அந்தக் காரின் பின் இருக்கையில் டெல்பர்ட் அதுவரை உட்கார்ந்ததில்லை. முழங்கால் மோவாயை இடித்தது. மடியில் இரண்டு கூடைகள். ஆர்லீன் கோயில் தெருவில் திரும்பாமல் வளைகுடாக் கரைச் சாலையில் திருப்பினாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடிகள் இறங்கின. தண்ணீரில் இன்னும் கொஞ்சம் பனிக்கட்டி மிதந்தது. அவள் பாட ஆரம்பித்தாள். பழைய பாட்டு, பாதி போலிஷ். குரல் நடுவில் சற்றுத் தேய்ந்திருந்தது. இத்தனை வருடத்தில் அவர் அதைக் கேட்டதே இல்லை. எஞ்சின் அதற்கு வழிவிட்டு, கீழே எங்கோ, தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. டெல்பர்ட் வெண்ணெய் ஆட்டுக்குட்டியின் மிளகுக் கண்ணைப் பார்த்துக்கொண்டே வந்தார். கேட்டுக்கொண்டே வந்தார். நல்ல பாட்டு என்று சொல்ல வாயைத் திறந்தார். பிறகு, முடியட்டும் என்று மூடிக்கொண்டார்.

ஈஸ்டர் முடிந்ததும் கீழே இருந்த எஞ்சினைக் கழற்றி மேலே கொண்டுபோகலாம் என்றுதான் இருந்தார். ஆர்லீனும் மறுக்கவில்லை. கஸ்ஸின் முதுகுகூடச் சரியாகிவிட்டது. ஆனால் வாண்டா ஒத்துக்கொள்ளவில்லை. இவ்வளவு உறுதியான மேசை இந்தப் பங்கில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை, அடுத்த வருடமும் இங்கேதான், கூடத்தில் கிடக்கிற ஆடுகிற மேசைகளில் இனி ஒரு பிடி மாவைக்கூடப் போடமாட்டேன் என்றாள். அவள் சொன்னால் சாமியாரே கேட்பார்.

செவ்வாய்க்கிழமைகளில் ஆர்லீன் பச்சைக் காரை ஓட்டிக்கொண்டு ரூட் பியர் கடைக்குப் போகிறாள். பானட்டைத் திறப்பதில்லை. டெல்பர்ட் நோவிட்ஸ்கி இப்போது பங்கின் பியெரோகிக் குழுத் தலைவர்.